தடுக்கு முப்பத்தெட்டு

நிறுவனர் நாளன்று எங்கள் பள்ளியில்
நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்.
இடது உள்ளங்கையில் வாழையிலைத் துண்டு,
அதில் புளிச்சோறு, ஓரமாய் ஒரு உருண்டைத் துவையல்.
முதல் மணிக்கும் மறுமணிக்கும் நடுவே பேச்சில்லை.
ஆயிரத்து நானூறு பையன்கள், பேராயர்,
துபாயிலிருந்து வந்து
டையைத் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்ட
பழைய மாணவர் வரைக்கும்
எல்லோரும் நின்றபடி.

ஏன் என்று கேட்டால்
தலைமையாசிரியர் வேதமாணிக்கம் சொல்வார்:
எகிப்தை விட்டுப் புறப்பட்ட ராத்திரி
கச்சை கட்டி, கையில் தடியோடு
நின்றல்லவா பஸ்காவைப் புசித்தார்கள்.
அதையே மலரிலும் போடச் சொன்னார்.
நூற்றைம்பதாம் ஆண்டு மலர்,
வழவழத்த தாள், நாலு வண்ணம்.

நான் எழுத்தர்.
மணிக்கூண்டுக்குக் கீழே இருக்கிற அறையில்
கரையான் மிச்சம் வைத்தது பதினோரு பேரேடு.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலு, ஜூலை.
விடுதிக் கணக்குப்பிள்ளை யேசுவடியான்
மை ஊறிய கையெழுத்தில் எழுதியிருக்கிறார்:

'ஓலைத்தடுக்கு நாற்பதையும் எடுத்துவிட்டது.
யார் பக்கத்தில் யார் என்று பந்தியில் தகராறு.
பெட்டி கட்டினவர்கள் பதினேழு பேர்.
ஒரே வரிசையில் உட்காராதமட்டும்
ஒருவனுக்கும் உட்காரல் இல்லையென்று
துரை உத்தரவு.'

நின்றிருக்கிறார்கள்.
ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர்,
அக்டோபரில் கூரை ஒழுகிய ஒன்பது நாளும்.
செலவுப் பக்கத்தில் ஒரு வரி:
'பையன்கள் கால்வீக்கத்துக்கு எண்ணெய், அரைப்படி.'
பிறகு நவம்பர்:
'ஓலைத்தடுக்கு முப்பத்தெட்டு வாங்கினது.
ரூபாய் ஒன்று, அணா மூன்று.'

அவ்வளவுதான்.
யார் முதலில் உட்கார்ந்தான்
என்பதெல்லாம் கணக்கில் வராது.
நாற்பதில் குறைந்த அந்த இரண்டு பேர்
யார் என்று சேர்க்கைப் பதிவேட்டில் தேடினேன்.
மாசில்லாமணி, பெயர்மேல் சிவப்புக் கோடு.
இன்னொருவனைக் கரையான் தின்றிருந்தது.

வேதமாணிக்கத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி படித்தார்.
"நல்லாத்தான் இருக்கு வே.
இந்த வருசம் வேண்டாம்."

இந்த வருசம் ஏன் வேண்டாமென்று எனக்குத் தெரியும்.
என் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா,
அது நிறைய நான் கத்தரித்த கைக்கயிறுகள்:
ஒரு நிறம், ரெண்டு நிறம் முறுக்கியது,
மூன்று நிறத்தில் குஞ்சம் வைத்தது.
நிறத்துக்கு ஒரு தெரு.
திங்கட்கிழமை வெட்டினால்
வியாழக்கிழமை வாட்ச் பட்டைக்கு அடியில் முளைக்கும்.
போன மாசம் முருகன்குறிச்சி பஸ் நிறுத்தத்தில்
ஒன்பதாம் வகுப்புப் பையன் நெற்றியில் ஆறு தையல்.
தைக்கும்போதும் அவன்
மணிக்கட்டைத்தான் பொத்திக்கொண்டிருந்தானாம்.

நேற்று நிறுவனர் நாள்.
வழக்கம்போல் தூணோரம் நின்றேன்.
மணி அடித்தது.
ஆயிரத்து நானூறு இடது கைகள்
இலையை ஏந்தி உயர்ந்தன.
சட்டைக்கைகள் முழங்கைக்குச் சரிந்தன.
எண்ணத் தொடங்கி
மூன்றாவது வரிசையில் நிறுத்திவிட்டேன்.
பேராயருக்குத் துவையல் பிடித்திருந்தது,
மறுதடவை கேட்க முடியாமல்
கண்ணாலேயே கேட்டார்.

மலரையும் நேற்றுத்தான் கொடுத்தார்கள்.
பஸ்கா நாலாம் பக்கத்தில்.
யாரும் படிக்காத வரவுசெலவு நூற்றுப் பன்னிரண்டில்.
அங்கே பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே
ஒரு வரி:
ஓலைத்தடுக்கு முப்பத்தெட்டு, ரூ. 1, அணா 3.
பிழை திருத்தும்போதே
அச்சகத்துப் பையன் போனில் கேட்டான்,
"இது என்ன சார், தப்பா வந்திருக்கோ?"

"இல்லடே" என்றேன்.
"பழைய பாக்கி."